சோம்பல்: சரிவில் ஓடும் தண்ணீர்



திருச்சியில் வாழும் நம்மில் முக்கொம்புக்குப் போகாதவர்கள் மிகச் சிலரே. மறைக்கல்விப் பிள்ளைகளோடும் பங்கின் இளைஞர்களோடும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய் வந்த இடம் அது. மேற்கிலிருந்து வரும் காவிரி அங்கே இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. நடுவில் தீவாக நிற்கிறது ஸ்ரீரங்கம்.

இந்த இரண்டில் கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, சரிவும் அதிகம். தண்ணீரை அதன் போக்கில் விட்டுவிட்டால் அது கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும். காவிரியிலோ ஓட்டம் குறையும், மணல் படியும், படுகை மேடாகும். மேடான பிறகு வரும் தண்ணீர் இன்னும் குறையும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதுதான் நடந்தது. கிழக்கே கல்லணை பல நூற்றாண்டுகளாக நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனாலும் தஞ்சை வயல்களுக்குப் போகும் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. காவிரியை யாரும் அடைக்கவில்லை! பொறியாளர் ஆர்தர் காட்டனின் திட்டப்படி 1836-இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை எழும்பிய பிறகே காவிரிக்குத் தண்ணீர் திரும்பியது.

சோம்பல் நம் வாழ்வில் நுழைவதும் இப்படித்தான். "இனி எங்கள் வீட்டில் குடும்ப செபம் கிடையாது" என்று முடிவெடுத்த குடும்பத்தை நாம் பார்த்திருக்கிறோமா? ஒருநாள் விருந்தினர் வந்தார்கள். மறுநாள் தொலைக்காட்சித் தொடர். அடுத்த வாரம் பிள்ளைக்குத் தேர்வு. மூன்று மாதம் கழித்து முழந்தாளிடுவதே கூச்சமாக இருக்கிறது. மணல் படிந்து மேடாகிவிட்டது.

நீதிமொழிகள் நூலின் 24-ஆம் அதிகாரத்தில் ஞானி ஒருவர் சோம்பேறியின் தோட்டத்தைக் கடந்து போகிறார். எங்கும் முள், சுற்றுச்சுவர் இடிந்து கிடக்கிறது. பகைவன் வந்து இடித்ததாக அங்கே சொல்லப்படவில்லை. கவனிக்க ஆளில்லை, அவ்வளவுதான். மத்தேயு நற்செய்தி 25-ஆம் அதிகாரத்தில் வரும் மூன்றாம் பணியாளரையும் பாருங்கள். அவர் திருடவில்லை, ஊதாரித்தனமாகச் செலவழிக்கவும் இல்லை. வாங்கிய தாலந்தைக் குறையாமல் திருப்பிக் கொடுத்தார். ஆனாலும் தலைவர் அவரைப் பொல்லாதவர் என்றும் சோம்பேறி என்றும் ஒரே மூச்சில் சொல்கிறார். பலமுறை கேட்ட உவமைதான். ஆனால் அந்த இரண்டு சொற்களும் சேர்ந்து நிற்பதை நாம் எளிதில் கடந்துவிடுகிறோம்.

ஒப்புரவு அருள்சாதனத்தில் கோபத்தைச் சொல்கிறோம், பொய்யைச் சொல்கிறோம். சோம்பலை எத்தனை பேர் சொல்கிறோம்? தலையான பாவங்கள் ஏழில் அதுவும் ஒன்று என்று மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்தவர்கள்தான் நாம். திருச்சபையின் மறைக்கல்வி நூல் செபத்திற்கு வரும் சோதனைகளைப் பேசும்போது (எண் 2733), விழிப்பு தளர்வதாலும் இதயத்தின் அசட்டையாலும் வரும் மனச்சோர்வு என்று இதை விளக்குகிறது. ஆகவே சோம்பேறி என்றால் பாயில் படுத்திருப்பவர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். காலை முதல் இரவு வரை அலுவலகத்தில் ஓடியாடி உழைப்பவர், மருத்துவமனையில் கிடக்கும் அண்டை வீட்டுக்காரரைப் பார்க்க ஆறு மாதமாக "நாளை" என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். சுறுசுறுப்பு சில நேரங்களில் சோம்பலின் நல்ல போர்வை.

களைப்பு வேறு. பகலெல்லாம் நடவு நட்ட தாய் இரவு செபமாலையில் கண்ணயர்ந்தால் அது சோம்பல் அல்ல. குழந்தை இயேசுவின் தூய தெரேசாவே செப நேரத்தில் தூங்கிவிட்டதை எழுதியிருக்கிறார், அதற்காக அவர் கலங்கவில்லை. அதேபோல, உழைக்காதவர் உண்ணலாகாது என்ற பொருளில் தூய பவுல் தெசலோனிக்கருக்கு எழுதியது (2 தெச 3:10) உழைக்க மனமில்லாதவர்களைப் பற்றி. வேலை கிடைக்காத இளைஞரைப் பார்த்து அந்த வசனத்தைச் சொல்வது பாவம். பவுலோ பிறருக்குச் சுமையாகாதபடி இரவும் பகலும் உழைத்தவர்.

மீண்டும் முக்கொம்புக்கு வருவோம். 2018 ஆகஸ்ட் 22 அன்று இரவு, வெள்ளம் பெருகி ஓடிய வேளையில், கொள்ளிடம் மேலணையின் 45 மதகுகளில் 9 உடைந்து போயின. ஏறத்தாழ 180 ஆண்டுகள் தாங்கிய அணை! மணல் மூட்டைகளையும் பாறைகளையும் கொட்டி உடைப்பை அடைக்கும் வேலை பல நாள்கள் நடந்தது. பிறகு புதிய கதவணையே கட்ட வேண்டியதாயிற்று. முன்னோர் கட்டிக் கொடுத்ததைப் பேணுவதும் அன்றாட வேலைதான். நம் தாத்தா பாட்டி விட்டுச் சென்ற செபப் பழக்கமும் அப்படியே.

விட்டுப்போன குடும்ப செபத்தை மீண்டும் தொடங்க விரும்புகிறவர்கள் முதல் நாளே ஐம்பத்து மூன்று மணியும் சொல்ல வேண்டியதில்லை. இரவு உணவுக்கு முன் ஒரு பத்து மணி போதும். முதல் வாரம் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். நமக்கே கொட்டாவி வரும்.