வரங்கள் ஓய்ந்தனவா?

கிறிஸ்தவ சமயத்துக்கு அரண்செய்யப் புகுவோர் இருமுனைப் போரை ஏற்றல் வேண்டும். அற்புதம் என்பது எக்காலத்தும் நிகழாதது என்பார் ஒருசாரார். இவர் புறத்தே நிற்பவர். அற்புதம் அப்போஸ்தலர் காலத்தில் நிகழ்ந்தது உண்மையே, அக்காலத்தோடு அது முற்றுப்பெற்றது என்பார் மற்றொருசாரார். இவர் அகத்தே, திருச்சபைக்குள்ளேயே, நிற்பவர். இவ்விருவருள் முன்னவரினும் பின்னவர்க்கு விடைகூறுதலே அரிது. வேதத்தை ஏற்றுக்கொண்டே அவ்வேதம் கூறும் வரங்களை மறுப்பவர் அவராதலின் என்க. நோய் தீர்த்தல், தீர்க்கதரிசனம் உரைத்தல், அந்நிய பாஷை பேசல் முதலாய ஆவியின் வரங்கள் இன்றும் திருச்சபைக்கு உரியனவே என்னும் நிலையில் நின்று கிறிஸ்தவ நம்பிக்கைக்கு அரண்செய்தல் கூடுமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

புறத்தார் கூற்றை முதற்கண் நோக்குவோம். ஸ்கொத்லாந்து நாட்டு மெய்யியலறிஞர் டேவிட் கியூம் 1748ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியுரையே அவர்தம் தலையாய படைக்கலம். இயற்கை நியதி மாறாதது என்பது மாந்தர் அனைவரது அனுபவம். அதற்கு மாறாய்ச் சிலர் சான்று கூறுவராயின், அச்சான்று பொய்யாதல் அவ்வற்புதத்தினும் பெரிய அற்புதமாய் இருந்தாலன்றி அதனை ஏற்றல் தகாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

அளவை நெறி தமிழ் நூல்கட்குப் புதிதன்று. மணிமேகலையில் அளவைவாதி தன் அளவைகளை எண்ணிக் காட்டுகின்றான். சைவ சித்தாந்த நூல்கள் அவ்வளவைகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றனுள் அடக்கும். காட்சியும் கருதலும் எட்டாதவிடத்து நம்பத்தக்கோர் உரையும் ஓர் அளவையாம். சொல்வோன் எத்தகையன், தான் கண்டதைக் கூறுகின்றானா, பொய்யுரைப்பதால் அவன் பெறும் ஊதியம் யாது என்று வினவிய பின்னரே அவ்வுரையைக் கொள்ளலும் தள்ளலும் முறை. கியூமோ உரையைக் கேளாமுன்னரே அதனைத் தள்ளுதற்கு விதி வகுத்தார். மாந்தர் அனைவரது அனுபவம் என்று அவர் கூறியவிடத்து, மாறான அனுபவம் உடையோம் என்பாரை அக்கணக்கினின்று முன்னரே நீக்கிவிட்டார். நிறுவவேண்டிய பொருளையே ஏதுவாகக் கொள்ளல் போலி நியாயமாம். எனினும் வியப்பை நாடும் மனித மனத்தின் பலவீனத்தை அவர் சுட்டிக்காட்டியது மெய்யே. அம்மெய்யை நாம் மறத்தல் ஆகாது.

இனி அகத்தார் கூற்று. இவருள் தலைசிறந்தவர், 1918இல் போலி அற்புதங்கள் பற்றி நூல் வெளியிட்ட அமெரிக்க இறையியலறிஞர் வார்பீல்ட் ஆவர். வரங்கள் அப்போஸ்தலரின் அதிகாரத்துக்கு முத்திரையாய் அளிக்கப்பட்டவை. அவர் மறைந்தபின் முத்திரைக்குத் தேவையில்லை என்பது அவர் கொள்கை. அவர் வழிநிற்போர் சிலர், பவுல் அடிகள் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தைத் தமக்குத் துணையாகக் காட்டுவர். நிறைவானது வருங்கால் குறைவுடைய வரங்கள் நீங்கும் என்று அடிகள் அங்குக் கூறுகின்றார். அந்நிறைவு, புதிய ஏற்பாடு எழுதி முடிந்தமையே என்பது இவர் உரை.

ஒரு சொல்லின் பொருளை அது நின்ற இடத்தின் முன்பின் இயைபு கொண்டே துணிதல் நம் உரையாசிரியர் மரபு. அம்மரபால் இப்பகுதியை நோக்குக. இப்பொழுது கண்ணாடியில் மங்கலாய்க் காண்பதையும், அப்பொழுது நேருக்கு நேர் காணப்போவதையும் அடிகள் அடுத்துக் கூறுகின்றார். புதிய ஏற்பாடு நம் கையில் உள்ளது. ஆயினும் நாம் நேருக்கு நேர் கண்டோம் என்று கூறத் துணிவார் யார்? அன்றியும், தீர்க்கதரிசனத்தோடும் பாஷைகளோடும் அறிவும் ஒழியும் என்று அவ்விடத்தே ஒருசேரச் சொல்லப்பட்டது. முன்னிரண்டும் ஒழிந்தன எனின் மூன்றாவதும் ஒழிந்தது எனல் வேண்டும். அதனை ஒருவரும் கூறார். ஆகவே நிறைவு என்றது கிறிஸ்துவை முகமுகமாய்க் காணும் நாளையே குறிக்கும். அந்நாள் வாராதவரை வரங்களின் காலம் முடிந்திலது என்பதே இதனாற் பெறப்படுவது.

வரலாறும் இதற்குச் சான்றாகும். இரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகரக் கண்காணியார் இரேனியு, தம் காலத்துச் சபைகளில் தீர்க்கதரிசனம் உரைப்போரும் பல மொழிகளிற் பேசுவோரும் இருந்தனர் என எழுதிவைத்தார். அவரினும் சிறந்த சான்று அகுஸ்தீனார். ஏறத்தாழ 390இல் எழுதிய ஒரு நூலில், பண்டை அற்புதங்கள் தம் காலம்வரை நீடிக்க விடப்படவில்லை என்று கூறியவர் அவர். முதுமையில் முடித்த ‘கடவுளின் நகரம்’ என்னும் பெருநூலின் 22ஆம் பகுதியிலோ, தம் காலத்தில் நிகழ்ந்த அற்புதங்களை வரிசைப்படுத்திக் கூறுகின்றார். கார்த்தேயு நகரில் இன்னொசென்சியு என்பார் இரண்டாம் அறுவைச் சிகிச்சைக்கு அஞ்சி அழுது மன்றாடியதையும், மறுநாள் வைத்தியர் கட்டவிழ்த்துப் பார்த்தபோது புண் ஆறியிருந்ததையும், உடனிருந்தவராகவே எழுதுகின்றார். ஹிப்போ நகரில் இரண்டாண்டு நிறையாமுன்பே ஏறத்தாழ 70 நிகழ்ச்சிகள் எழுத்தில் பதியப்பட்டன என்பர். நலம்பெற்றும் அதனை வெளியிடாத ஒரு பெண்மணியை அவர் கடிந்துகொண்டார். அகுஸ்தீனார் எளிதில் மயங்கும் பாமரர் அல்லர். மேலைநாட்டு மெய்யியலின் தூண்களுள் ஒருவர். அவரே சான்றுகண்டு கருத்து மாறினார் எனின் அது சிந்திக்கற்பாலது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவ ஊழியராயிருந்த தமிழர் அருளப்பன் (1810-1867) நடத்திய சபைகளில் 1860இல் ஓர் எழுப்புதல் உண்டாயிற்று. பாவ அறிக்கை, தீர்க்கதரிசனம், அந்நிய பாஷை ஆகியன அங்கு நிகழ்ந்தமைக்கு எழுத்துச் சான்று உண்டு. அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சலஸ் நகரின் அசூசா தெருவில் 1906இல் தோன்றிய பெந்தெகொஸ்தே எழுச்சிக்கு இது 46 ஆண்டு முற்பட்டது. ஆதலின் இவ்வரங்களை அமெரிக்க இறக்குமதி என்று எள்ளுதல் பொருந்தாது. 1920களில் நம் இலங்கையில் தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனும் இங்கிருந்து தமிழகத்துக்கும் பிற நாடுகட்கும் பரவியது.

வரம் கல்விக்குப் பகை என்பாரும் உளர். அவர்க்கு விடை பண்டித ரமாபாய். வடமொழிப் புலமைக்காக 1878இல் கல்கத்தா அறிஞரால் ‘பண்டிதை’ எனவும் ‘சரஸ்வதி’ எனவும் பட்டம் பெற்றவர் அவர். புனேக்கு அணித்தாய கேட்காவ் என்னும் ஊரில் கைம்பெண்களுக்கும் பஞ்சத்தில் வாடிய பெண்களுக்கும் அவர் அமைத்த முக்தி இல்லத்தில் 1905இல் பேரெழுப்புதல் நிகழ்ந்தது. அப்பெருமாட்டியே எபிரேயமும் கிரேக்கமும் கற்று, திருமறை முழுவதையும் மராத்தியில் மொழிபெயர்த்து, 1922இல் மறைந்தார். ஆவியின் அனலும் அகராதியும் ஒரு கையிலேயே இருந்தன.

எனினும் மறுதலைச் சான்றையும் மறைத்தல் அறமன்று. திருவிதாங்கூரில் யுஸ்தூஸ் யோசேப்பு என்பார், அந்தணர் குலத்திற் பிறந்து கிறிஸ்தவ குருவானவர். கல்வியாலும் கவித்திறத்தாலும் ‘வித்துவான்’ எனப் போற்றப்பட்டவர். 1873இல் தொடங்கிய எழுப்புதலில் முன்னின்ற அவர்தம் குழுவினர், 1881இல் கிறிஸ்து மீண்டும் வருவார் என்று வெளிப்பாடு பெற்றதாய் அறிவித்தனர். ஆண்டு வந்தது, கிறிஸ்து வந்திலர். கியூம் அஞ்சிய பலவீனம் இதுவே. போலி நாணயம் உண்மையால் நன்னாணயம் இன்மை பெறப்படாது. ஆயினும் உரைத்துப் பாராமல் நாணயத்தைக் கொள்வோன் ஏமாறுவான்.

உரைத்துப் பார்க்கும் கல்லைப் பவுல் அடிகளே 14ஆம் அதிகாரத்தில் அளிக்கின்றார். சபையில் அந்நிய பாஷை பேசுவோர் இருவர் மூவர்க்கு மேற்படலாகாது. பொருள் விரிப்போன் இல்லையேல் பேசுவோன் வாய் மூடுக. தீர்க்கதரிசனத்தைப் பிறர் நிதானித்தறிக. யாவும் ஒழுங்காய் நிகழ்க என்பன அவர் விதிகள். எல்லாச் சொல்லும் பொருள் குறித்து வருவன என்று கண்ட தொல்காப்பியர் வழிவந்த நமக்கு இவ்விதியின் அருமை விளங்காமற் போகாது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1964இல், வரங்களை நன்றியோடு ஏற்றலும் அவற்றின் மெய்மையைச் சபைத் தலைவர் ஆராய்ந்து துணிதலும் ஆகிய இரண்டையும் ஒருங்கே வலியுறுத்திற்று. நோய் தீர்க்கும் வரம் வைத்தியனைத் துரத்துவதும் அன்று. லூக்கா வைத்தியராகவே அடிகளோடு உடனுழைத்தார். இன்னொசென்சியு நலம்பெற்றமைக்கு முதற்சான்று பகர்ந்த கண்களும் வைத்தியன் கண்களே. மருந்தை விலக்கென்று நோயாளியை வற்புறுத்துவோர் வரத்துக்கு அரண்செய்பவர் அல்லர். அதனைப் பழிக்கு உள்ளாக்குபவர்.

வரம் ஓய்ந்தது என்பார் நம் மாணவர்க்குக் கொடுப்பது பண்டு பேசி இன்று வாளாவிருக்கும் கடவுளை. வகுப்பில் வரலாறாய்ப் படித்துத் தேர்வெழுதி மறப்பதற்கு அக்கடவுள் போதும். துன்பம் வந்தவிடத்து அழைப்பதற்குப் போதார். வரத்தை ஆராயாது கொள்வார் கொடுப்பதோ, முதற் பொய் வெளிப்பட்டவுடன் இடிந்து விழும் நம்பிக்கையை. இவ்விரண்டுக்கும் இடையே அடிகள் காட்டிய வழி உண்டு. 12ஆம் அதிகாரத்தில் வரங்களை எண்ணி, 14ஆம் அதிகாரத்தில் அவற்றுக்கு விதி வகுத்த அவர், இரண்டுக்கும் நடுவே அன்பின் அதிகாரத்தை வைத்தார். அந்த வைப்புமுறையே உரைகல். முக்தி இல்லத்தில் எழுந்த மன்றாட்டொலியை ஐயுறுவோர் ஐயுறுக. அங்கே உணவும் எழுத்தறிவும் பெற்ற பெண்களை ஐயுறுதல் யார்க்கும் இயலாது.