நைட் கிரீம் வாங்கலாமா? பாதி முகத்தில் நாற்பது ராத்திரி

போன டிசம்பரில் எங்கள் வீட்டுக்கு ஒரு நைட் கிரீம் வந்தது. 50 கிராம் டப்பா, விலை 1450 ரூபாய். வாங்கியது மனைவி. நான் சும்மா இருந்திருக்கலாம். "இதுல அப்படி என்ன இருக்கு? தண்ணியையும் எண்ணெயையும் கலந்து சென்ட் போட்டிருப்பான்" என்றேன்.

"எல்லாத்துக்கும் டேட்டா எங்க, டேட்டா எங்கன்னு கேப்பீங்களே, இதுக்கு உங்க டேட்டா எங்க?" என்று திருப்பிக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதோடு விட்டிருப்பேன். விடமுடியாமல் போனதற்குக் காரணம் அம்மா. அவருக்கு 72 வயது. கோவையில் மார்கழி பிறந்தாலே கன்னத்திலும் நெற்றியோரத்திலும் வெள்ளையாகச் செதில் விடும், ராத்திரியில் சொறிந்துகொண்டே இருப்பார். தேங்காய் எண்ணெய்தான் அவருடைய ஒரே வைத்தியம். மனைவி புது கிரீமை அம்மாவுக்கும் கொடுத்திருக்கிறார். அம்மாவோ சுண்டுவிரல் நுனியில் கடுகளவு தொட்டு, அதையே முகம் முழுக்க இழுத்துக்கொள்கிறார். "இன்னுங் கொஞ்சம் வைங்கம்மா" என்றால், "ஆயிரத்து நானூறு ரூவா சாமானம் கண்ணு, அள்ளிப் பூசச் சொல்றியா?" என்கிறார்.

எனவே எனக்கு இரண்டு கேள்விகள். கிரீம் உண்மையிலேயே வேலை செய்கிறதா? செய்கிறதென்றால், விலை குறைந்த ஒன்றும் அதே வேலையைச் செய்யுமா? இரண்டாவதற்கு 'ஆமாம்' என்றால் அம்மா கணக்குப் பார்க்காமல் பூசிக்கொள்ளலாம்.

முதலில், தோல் ஏன் வறண்டுபோகிறது?

நாம் தொட்டுப் பார்க்கும் தோலின் வெளியடுக்கு இறந்த செல்களால் ஆனது. ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூடத் தேறாத தடிமன். அதைச் செங்கல் சுவர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். செல்கள் செங்கல். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் ஆகிய மூன்றும் கலந்த கொழுப்புதான் இடையில் இருக்கும் சாந்து. உடம்புக்குள்ளிருந்து தண்ணீர் இந்தச் சுவர் வழியாக எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. சோப்பு சாந்தைக் கரைத்தாலோ, காற்று வறண்டாலோ, வயதாகி சாந்து குறைந்தாலோ சுவர் காய்ந்து செதில் விடுகிறது. இரவில் இந்த நீர் இழப்பு இன்னும் கூடுகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு பழைய பரிசோதனையைச் சொல்லியாக வேண்டும். 1952-ல் அமெரிக்க ஆய்வாளர் இர்வின் பிளாங்க், காய்த்துப்போன தோலின் துண்டுகளை எடுத்து, காய்ந்ததை எண்ணெயில் ஊறவைத்துப் பார்த்தார். அது மொடமொடவென்று அப்படியே இருந்தது. தண்ணீர் பட்டதும் மெத்தென்று ஆனது. அதாவது, தோலை மிருதுவாக்குவது எண்ணெய் இல்லை, தண்ணீர். எண்ணெயின் வேலை அந்தத் தண்ணீரை ஓடவிடாமல் மூடிவைப்பது. அம்மா காய்ந்த முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவி ஏன் பெரிய பலன் காணவில்லை என்பதற்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது.

மாய்ஸ்சரைசர் எதுவானாலும் அதற்குள் மூன்று வகை ஆட்கள் இருப்பார்கள். தண்ணீரை இழுத்துப் பிடிப்பவர்கள் ஒரு வகை: கிளிசரின், யூரியா, ஹயலுரானிக் ஆசிட். செதில்களுக்கு இடையிலுள்ள சந்தை நிரப்பி வழவழப்பாக்குபவர்கள் இன்னொரு வகை: பலவித எண்ணெய்கள், செட்டைல் ஆல்கஹால். மூன்றாவது வகை மேலே மூடி போடுபவர்கள்: பெட்ரோலியம் ஜெல்லி, டைமெத்திகோன். மூடி போடுவதில் பெட்ரோலியம் ஜெல்லியைத் தோற்கடிப்பது கஷ்டம். எண்ணெய்க் கிணற்றுக் கம்பிகளில் படியும் மெழுகைப் பார்த்து ராபர்ட் செஸ்ப்ரோ அதை உருவாக்கினார், 1872-ல் காப்புரிமையும் வாங்கினார். நூற்றைம்பது வருஷத்துப் பழைய சரக்கு!

சரி, 'நைட்' கிரீம் என்றால் என்ன தனி? பெரும்பாலும் இரண்டே விஷயம். சன்ஸ்கிரீன் இருக்காது, பிசுபிசுப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். பகலில் வேர்வை, தூசி, கைக்குட்டை என்று கிரீமுக்கு ஆயிரம் எதிரிகள். ராத்திரி ஏழு மணி நேரம் யாரும் அதைத் துடைக்கமாட்டார்கள். ரெட்டினால் மாதிரி வெளிச்சத்தில் கெட்டுப்போகும் பொருள் இருந்தால்தான் இரவில் பூசுவதற்கு உண்மையான ரசாயனக் காரணம் இருக்கிறது. மனைவியின் டப்பாவில் ரெட்டினால் இல்லை.

லேபிளைப் படிக்க ஒரு சின்ன உபாயம்

இந்தியாவில் காஸ்மெடிக்ஸ் விதிகள் 2020-ன்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை அதன்பிறகு எந்த வரிசையிலும் எழுதலாம். கிரீம் கெடாமலிருக்கச் சேர்க்கும் பீனாக்ஸிஎத்தனாலை அதிகபட்சம் ஒரு சதவீதம்தான் போடலாம். ஆகவே லேபிளில் முதலில் பீனாக்ஸிஎத்தனாலைத் தேடுங்கள். அதற்குப் பின்னால் வருவது எல்லாமே ஒரு சதவீதமோ அதற்கும் குறைவோதான்.

1450 ரூபாய் டப்பாவில் தண்ணீர், கிளிசரின், ஒரு எண்ணெய், செட்டைல் ஆல்கஹால், டைமெத்திகோன், நியாசினமைடு, பிறகு பீனாக்ஸிஎத்தனால். அட்டையில் பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்திய ஹயலுரானிக் ஆசிட், பூச்சாறு, வேர்ச்சாறு எல்லாம் அதற்கும் பின்னால். மருந்துக்கடையில் 190 ரூபாய்க்கு 100 கிராம் சாதாரண மாய்ஸ்சரைசிங் கிரீம் ஒன்று வாங்கிவந்தேன். தண்ணீர், கிளிசரின், பெட்ரோலியம் ஜெல்லி, செட்டைல் ஆல்கஹால், டைமெத்திகோன், பீனாக்ஸிஎத்தனால். லிஸ்ட் முடிந்தது.

இங்கேயே தீர்ப்பு எழுதிவிடக் கை துறுதுறுத்தது. ஆனால் அது நியாயமில்லை. ஹயலுரானிக் ஆசிட், செராமைடு போன்றவை சின்ன அளவிலும் வேலை செய்யக்கூடியவை. லேபிள் சந்தேகத்தைத்தான் கொடுக்கும். பதிலைத் தோலிடம்தான் கேட்க வேண்டும்.

முதல் டெஸ்ட், அதில் ஒரு பக்

எங்கள் தொழிலில் இதற்கு ஏ/பி டெஸ்ட் என்று பெயர். முகத்தில் ஒரு பெரிய வசதி உண்டு. இடது பாதிக்கும் வலது பாதிக்கும் அதே வயது, அதே தூக்கம், அதே சாப்பாடு, அதே ஃபேன் காற்று. பரிசோதனைக்கு முகம் என்னுடையது. படுக்கும் முன் மனைவி காசு சுண்டிப் போடுவார். தலை விழுந்தால் இடது பக்கம் விலையுயர்ந்த கிரீம், பூ விழுந்தால் வலது பக்கம். மறுபக்கம் ஒன்றும் கிடையாது. எந்தப் பக்கம் என்பதை டைரியில் எழுதிவைப்பார். பிளஸ் ஒன் படிக்கும் மகள் காலையில் என் கன்னங்களைத் தொட்டுப் பார்த்து, எந்தப் பக்கம் பூசியது என்று சொல்ல வேண்டும். அவளுக்கு டைரியைக் காட்டக்கூடாது. நான் வாயைத் திறக்கக்கூடாது.

முதல் ஏழு நாளும் ஏழுக்கு ஏழு சரியாகச் சொன்னாள். எனக்கு ஒரே பிரமிப்பு. எட்டாம் நாள் காலை அவளே சொன்னாள்: "அப்பா, கை வழுக்குது, இதுல என்ன கண்டுபிடிக்கிறது?" அதாவது அவள் கண்டுபிடித்தது என் தோலை இல்லை, மிச்சமிருந்த கிரீமை. ஏழு நாள் டேட்டா குப்பைக்குப் போனது.

விதியை மாற்றினோம். காலையில் வெறும் தண்ணீரில் முகம் கழுவி, அரைமணி நேரம் காத்திருந்த பிறகுதான் தொட வேண்டும். வாசனையில் கண்டுபிடித்துவிடாமலிருக்க அவள் பழைய கொரோனா மாஸ்க்கைப் போட்டுக்கொண்டாள். 20 ராத்திரி என்று முன்பே முடிவு செய்தோம். 15 அல்லது அதற்கு மேல் சரியாக வந்தால் 'வித்தியாசம் உண்டு' என்று ஒத்துக்கொள்வேன் என்பதையும் முன்பே எழுதிவைத்தேன். ஏன் 15? கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னாலே பத்து சரியாக வரும். ஆனால் குருட்டு அதிர்ஷ்டத்தில் 15-ஐத் தொடும் வாய்ப்பு 2 சதவீதம்தான்.

ரிசல்ட்: 20-க்கு 17. அதிர்ஷ்டத்தில் இப்படி வர 776-ல் ஒரு வாய்ப்பு. கிரீம் வேலை செய்கிறது. தவிர, ஷேவ் செய்ததும் கன்னத்தில் எரிவது இயல்பு என்றுதான் இருபது வருஷமாக நினைத்திருந்தேன். கிரீம் பூசிய பக்கத்தில் அந்த எரிச்சல் குறைவாக இருந்தது. 'தண்ணியும் எண்ணெயும்' என்று நான் சொன்னது வேதியியல்படி ஏறக்குறைய சரி. அதை நக்கலாகச் சொன்னதுதான் தப்பு. மனைவியிடம் அதை ஒத்துக்கொண்டேன்.

இரண்டாவது டெஸ்ட்: 1450-ஆ, 190-ஆ?

அதே விதிகள், இன்னொரு 20 ராத்திரி. இந்தத் தடவை ஒரு பக்கம் விலையுயர்ந்தது, மறுபக்கம் மருந்துக்கடை கிரீம், இரண்டும் அரை கிராம். அளவைச் சரிபார்க்க, நகை எடைபோடும் சின்னத் தராசு ஒன்று வாங்கினேன். மகள் இப்போது எந்தக் கன்னம் அதிக மிருது என்று மட்டும் சொன்னால் போதும்.

விலையுயர்ந்த பக்கத்தை 11 தடவை சொன்னாள், மலிவான பக்கத்தை 9 தடவை. காசு சுண்டினாலே இதே மாதிரிதான் வரும்.

ஆனால் இதை வைத்து 'இரண்டும் ஒன்றே' என்று சொல்ல முடியாது. பத்துக்கு ஏழு தடவை கண்டுபிடிக்கும் அளவுக்கு உண்மையான வித்தியாசம் இருந்தாலும்கூட, 20 ராத்திரி டெஸ்ட் அதைப் பாதிக்கு மேல் தவறவிட்டுவிடும் என்று கணக்கு சொல்கிறது. அதோடு தினமும் பக்கத்தை மாற்றிக்கொண்டே இருந்ததால், நியாசினமைடு மாதிரி வாரக்கணக்கில் மெல்ல வேலை செய்யும் பொருளின் பலன் இருந்தாலும் இதில் தெரிந்திருக்காது. தவிர இது ஒரே ஒரு 44 வயது முகம். நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: வறட்சி என்ற ஒரு விஷயத்தில், பெரிய வித்தியாசம் எதுவும் விரலுக்குத் தட்டுப்படவில்லை.

தராசு காட்டிய விஷயம்

எதிர்பார்க்காத பாடம் தராசிலிருந்து வந்தது. அம்மாவுக்கு விலையுயர்ந்த கிரீமைத் தனியாக ஒரு சின்ன டப்பாவில் கொடுத்து, ஏழு ராத்திரிக்குப் பிறகு எடை பார்த்தேன். 0.7 கிராம் குறைந்திருந்தது. ராத்திரிக்கு 0.1 கிராம். மனைவியே 0.4 கிராம்தான் பூசுகிறார்.

தோல் மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை பரப்புக்குப் போதும். முகத்துக்கு இரண்டு விரல், அதாவது ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அளவில் விலையுயர்ந்த கிரீம் ராத்திரிக்கு 29 ரூபாய், மாதம் 870. மருந்துக்கடை கிரீம் ராத்திரிக்கு 1 ரூபாய் 90 காசு, மாதம் 57.

அம்மா சிக்கனம் பார்த்ததில் அவருக்குக் கிடைத்தது தேவையில் பத்தில் ஒரு பங்கு. கிரீம் நல்லதா கெட்டதா என்று நான் டெஸ்ட் பண்ணிக்கொண்டிருக்க, விலையே அதை வேலை செய்யவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது! தாராளமாகப் பூச மனசு வராத கிரீம், எவ்வளவு நல்லதாக இருந்தாலும், உங்களுக்கு அது வாங்கத் தகுந்த கிரீம் இல்லை.

அப்படியென்றால் என்ன வாங்கலாம்?

லேபிளில் முதல் ஐந்தாறு பெயருக்குள் கிளிசரின் போன்ற ஒன்றும், பெட்ரோலியம் ஜெல்லி அல்லது டைமெத்திகோன் போன்ற ஒன்றும் இருக்கட்டும். வாசனை இல்லாதது உத்தமம், எரிச்சல் வரும் வாய்ப்பு குறைவு. எண்ணெய் வழியும், பரு வரும் முகத்துக்குப் பிசுபிசுப்பு குறைந்ததே நல்லது. முகம் கழுவி ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் பூசுங்கள். புதுசு என்றால் முதலில் சில நாள் முழங்கை மடிப்பில் பூசிப் பாருங்கள். பொருட்களின் பெயரே எழுதாத டப்பாவில் விற்கும், 'ஒரே வாரத்தில் நிறம் மாறும்' என்கிற நைட் கிரீமைத் தொடவே தொடாதீர்கள். அந்த மாதிரி கிரீம்களில் ஸ்டீராய்டும் பாதரசமும் இருந்து, தோலும் சிறுநீரகமும் கெட்டுப்போனவர்கள் உண்டு.

மனைவி இன்னமும் 1450 ரூபாய் கிரீம்தான் பூசுகிறார். "உங்க டெஸ்ட்டு மிருதுவாச்சான்னுதானே பாத்துச்சு? எனக்கு அந்த வாசனையும், பூசறப்ப இருக்கற சுகமும் பிடிச்சிருக்குங்க." இதற்கு எதிராக என்னிடம் டேட்டா கிடையாது. பிடித்துப்போய்த் தினமும் பூசுவதும் ஒரு பலன்தான்.

ஜனவரி கடைசியில் அம்மாவுக்கு 190 ரூபாய் டப்பாவைக் கொடுத்து, விலையைச் சொல்லி, இரண்டு விரல் அளவையும் காட்டினேன். இரண்டு வாரத்தில் செதில் போய்விட்டது, சொறிவதும் வெகுவாகக் குறைந்திருக்கிறது. குறையாமல் இருந்தால் தோல் டாக்டரிடம் கூட்டிப்போவதாக இருந்தோம். வயதானவர்களுக்கு அரிப்பு வேறு நோயாலும் வரலாம். இதை நான் டெஸ்ட் ரிசல்ட்டாக எழுதமாட்டேன். காசு சுண்டவில்லை, மறுபாதி முகம் இல்லை, பனியும் அதற்குள் குறைந்துவிட்டது.

நேற்று எடை பார்க்க டப்பாவைக் கேட்டேன். "அத எதுக்குக் கண்ணு தூக்கிப் பாக்கற? பாதிக்கு மேல தீந்துபோச்சு, இன்னொன்னு வாங்கியா" என்றார்.