அயோவின் அனல்: செங்கீழ்க் கதிர் வானியலும் தரவு பற்றிய ஒரு பிரச்சினையும்

1979 ஆம் ஆண்டு பெப்ரவரி 16 ஆம் திகதியும் மார்ச் 2 ஆம் திகதியும் ‘சயன்ஸ்’ என்னும் அமெரிக்க ஆய்விதழில் வெளிவந்த இரு கட்டுரைகளை அருகருகே வைத்து நோக்குவோமாயின், விஞ்ஞான வரலாற்றில் அரிதாகவே காணக்கிடைக்கும் ஒரு நிலைமை புலப்படும். முன்னதை எழுதிய விற்றெபோர்ண், பிரெக்மன், பொலக் ஆகியோர் வியாழனின் உபகோளாகிய அயோவிலிருந்து திடீரெனப் பெருகி வந்த வெப்பத்தை அளந்திருந்தனர். அதன் காரணத்தை அறிந்திருக்கவில்லை. பின்னதை எழுதிய பீல், கசன், றெனோல்ட்ஸ் ஆகியோர் அயோ ஏன் உள்ளே உருகியிருத்தல் வேண்டும் என்பதைக் கணித்துக் காட்டியிருந்தனர், அவ்வெப்பத்தைக் கண்டிருக்கவில்லை. இதில் மேலும் வியப்புக்குரியது யாதெனில், முன்னவரும், பின்னவருள் இருவரும், கலிபோர்ணியாவிலுள்ள நாசா ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையம் என்னும் ஒரே நிறுவனத்தைச் சார்ந்தோராயிருந்தமையே. காரணமில்லாத வெப்பமும் வெப்பமில்லாத காரணமும் ஒரே கூரையின் கீழ், ஒன்றையொன்று இனங்காணாது இருந்தன.

இலக்கிய மாணவராகிய நாம் இவ்விடயத்திற் புகுவதற்குக் காரணம் உண்டு. நமது ஆய்வுலகில், ‘தரவுகளைத் திரட்டுவோம், முடிவுகள் தாமே வந்து சேரும்’ என்னும் மனப்பாங்கு ஆழ வேரூன்றியுள்ளது. சொல்லடைவும் நூற்பட்டியலும் தொகுப்பதே ஆராய்ச்சியின் முழுமை எனக் கருதுவோர், கோட்பாடு என்ற சொல்லைக் கேட்டதுமே முகஞ்சுளிப்பர்; தம் பக்கத்துக்குச் சான்றாக இயற்கை விஞ்ஞானத்தையே சுட்டுவர். அவர்கள் சுட்டும் விஞ்ஞானம் பாடநூல்களின் முன்னுரைகளில் வாழ்கின்றதேயன்றி ஆய்வுகூடங்களில் வாழ்வதாகத் தெரியவில்லை. அயோவின் வரலாறு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

முதலில் கருவியைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். இலங்கைப் பாடநூல்கள் செங்கீழ்க் கதிர் என்றும் தமிழகத்து நூல்கள் அகச்சிவப்புக் கதிர் என்றும் வழங்கும் ஒளிவகையை 1800 ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் கண்டறிந்தார். அரியத்தினூடாகச் சூரிய ஒளியைப் பிரித்து, சிவப்பு நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்தில் அவர் வைத்த வெப்பமானி உயர்ந்து காட்டிற்று. வெப்பமுடைய எப்பொருளும் கதிர்வீசுகின்றது. அது எவ்வளவு சூடாக உள்ளதோ அவ்வளவுக்கு அதன் கதிர்வீச்சின் உச்சம் குறுகிய அலைநீளத்தை நோக்கி நகர்கின்றது. ஏறத்தாழ 130 கெல்வின் வெப்பநிலையிலுள்ள அயோவின் பகற்பரப்பு 22 மைக்கிரோமீற்றர் அலைநீளத்தை அண்டி உச்சங்கொள்கின்றது. 600 கெல்வின் வெப்பநிலையிலுள்ள எரிமலைக் குழம்பின் மேலோடு 5 மைக்கிரோமீற்றருக்குச் சற்றுக் குறைவான இடத்தில் உச்சங்கொள்கின்றது.

இவ்வேறுபாடே ஆய்வாளருக்குக் கிடைத்த திறவுகோல். 5 மைக்கிரோமீற்றர் அலைநீளத்தில் மட்டும் நோக்கினால், 600 கெல்வினில் உள்ள ஒரு சதுரமீற்றர் நிலம், 130 கெல்வினில் உள்ள ஒரு சதுரமீற்றர் நிலத்தைவிட மூன்று கோடி மடங்குக்கு மேலாகக் கதிர்வீசும். எனவே 3,640 கிலோமீற்றர் விட்டமுள்ள அவ்வுபகோள் முழுவதும் தொலைநோக்கியில் ஓர் ஒளிப்புள்ளியாகவே தெரிந்தபோதும், அதன் பரப்பின் மிகச்சிறிய பகுதியொன்று சூடேறின் அந்த அலைநீளத்தில் முழு உபகோளும் பிரகாசமடையும். உருவத்தைக் காணாமலே உள்நடப்பை அறியும் வழி இது. இதிலும் இடர்ப்பாடு உண்டு. சூரிய ஒளியின் தெறிப்பும் உடன் வந்து சேர்கின்றது. அதை விலக்குவதற்கு வானியலாளர் இயற்கை தந்த வாய்ப்பொன்றைப் பயன்படுத்தினர். அயோ 42.5 மணித்தியாலத்துக்கு ஒருமுறை வியாழனைச் சுற்றுகையில் ஒவ்வொரு சுற்றிலும் அக்கோளின் நிழலினுட் புகுகின்றது. இக்கிரகணங்களின் கால வேறுபாட்டைக் கொண்டே 1676 இல் றோமர் ஒளிக்கு வேகம் உண்டென நிறுவினார். செங்கீழ்க் கதிர் வானியலாளருக்கோ கிரகணம் என்பது விளக்கை அணைத்துவிட்டு அடுப்பின் தணலைப் பார்ப்பது போன்றது. சூரியன் மறைந்ததும் எஞ்சுவது அயோவின் சொந்த வெப்பமே.

1970களின் தொடக்கத்திலேயே இம்முறையில் அளவீடுகள் செய்யப்பட்டன. நிழலினுட் சென்றதும் அயோவின் பரப்பு விரைவாகக் குளிர்ந்தது. ஆனால், 10 மைக்கிரோமீற்றரில் அளந்தபோது கிடைத்த வெப்பநிலையும் 20 மைக்கிரோமீற்றரில் அளந்தபோது கிடைத்த வெப்பநிலையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. குறுகிய அலைநீளத்தில் அயோ எதிர்பார்த்ததைவிடச் சூடாகத் தோன்றிற்று. தணல் கண்முன்னே இருந்தது. எனினும் ஆய்வாளர் அதனைத் தணல் என்று படிக்கவில்லை. நிலப்பரப்பின் மேற்படைகள் வெப்பத்தைக் கடத்தும் இயல்பில் உள்ள வேறுபாடு என்றே படித்தனர். அவர்களைக் குறைகூறல் நியாயமன்று. நமது சந்திரனை ஒத்த பருமனுடைய ஒரு பொருள் பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே குளிர்ந்து இறந்திருத்தல் வேண்டும் என்பதே அன்றைய அறிவு; அந்த அறிவு பிழையாகத் தோன்றுவதற்கு அன்று எந்த நியாயமும் இருக்கவில்லை.

1978 பெப்ரவரி 20 ஆம் திகதி விற்றெபோர்ண் குழுவினர் கண்டது இன்னும் வெளிப்படையானது. 5 மைக்கிரோமீற்றர் அளவில் அயோ வழக்கத்தைவிடப் பன்மடங்கு பிரகாசித்தது. சில மணித்தியாலங்களில் வழமைக்குத் திரும்பிற்று. சிறுபகுதியொன்று ஏறத்தாழ 600 கெல்வின் வரை சூடேறியிருப்பின் அளவீடு பொருந்தும் என்பதை அவர்களே எழுதினர். ஆயினும் எரிமலை என்னும் முடிவுக்கு அவர்கள் வரவில்லை. எண் சரியாகவே இருந்தது. அதைப் பெயரிட்டு அழைப்பதற்கான சொல் அவர்களது சிந்தனைச் சட்டகத்துள் இடம்பெறவில்லை.

அச்சட்டகத்தை மாற்றியது பீல் முதலியோரின் கணிதம். அயோ ஒருமுறை சுற்ற எடுக்கும் காலத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்கில் யுரோப்பாவும், நான்கு மடங்கில் கனிமீடும் வியாழனைச் சுற்றுகின்றன. இவ்வொழுங்கை இலப்பிளாசு முன்னரே ஆராய்ந்திருந்தார். இதன் விளைவாக அயோவின் பாதை முழு வட்டமாக அமைய முடியாது சிறிதே நீள்வட்டமாக நிலைத்து நிற்கின்றது. வியாழனை அணுகுந்தோறும் விலகுந்தோறும் ஈர்ப்பின் வலிமை மாறுபட, அயோவின் திண்ணிய நிலமே கடல்நீர் போல ஏறி இறங்குகின்றது. அவ்வேற்ற இறக்கம் 100 மீற்றர் அளவுக்கு அமையலாம் எனக் கணிக்கப்பட்டுள்ளது. ஓயாத அவ்வுராய்வே வெப்பமாகின்றது. வற்றுப்பெருக்கு உராய்வு பற்றி ஏங்கல்ஸ் ‘இயற்கையின் இயங்கியல்’ நூலின் ஒரு பகுதியில் ஆராய்ந்திருப்பதைச் சிலர் நினைவுகூரக்கூடும். அதைக் கொண்டு அயோவின் எரிமலைகளை அவர் முன்னுணர்ந்தார் என்று எழுதுவது, வேதத்தில் விமானம் கண்டோரின் வேலைக்கு ஒப்பானதாகும். இயக்கத்தின் ஒரு வடிவம் இன்னொரு வடிவமாக மாறுவதை அவர் மையப் பிரச்சினையாகக் கொண்டார் என்பதே நமக்குப் போதுமானது.

மார்ச் 5 ஆம் திகதி வொயேஜர் 1 விண்கலம் அயோவை அண்டிச் சென்றது. நான்கு நாள் கழித்து, ஜெற் உந்துகை ஆய்வுகூடத்தில் விண்கல வழிச்செலுத்தற் பிரிவிற் பணியாற்றிய லிண்டா மொறபிற்றோ என்னும் இளம் பொறியியலாளர், கலத்தின் நிலையைக் கணிப்பதற்காக எடுக்கப்பட்ட படமொன்றில் மங்கலான விண்மீனைத் தேடி ஒளியைக் கூட்டியபோது, அயோவின் விளிம்புக்கு மேலே குடைபோல் விரிந்த முகிலொன்றைக் கண்டார். அது 250 கிலோமீற்றருக்கு மேல் உயர்ந்து நின்ற எரிமலை வீச்சு. அப்படம் எரிமலையைத் தேடி எடுக்கப்பட்டதன்று. பார்த்தவரும் புவிச்சரிதவியலாளர் அல்லர். பெரும் பேராசிரியர்களின் பெயரால் எழுதப்படும் விஞ்ஞான வரலாறு, இத்தகைய அன்றாட உழைப்பாளரைத் தற்செயல் என்னும் ஒற்றைச் சொல்லால் கடந்து செல்வது வழக்கம். விண்மீனை ஒழுங்காகத் தேடும் தொழில் இல்லையேல் அத்தற்செயலும் இல்லை. அதே வொயேஜரின் செங்கீழ்க் கதிர்க் கருவி, பின்னர் லோக்கி எனப் பெயர்பெற்ற பகுதி சுற்றுப்புறத்தைவிட ஏறத்தாழ 150 பாகை அதிக வெப்பமுடையதெனக் காட்டிற்று.

அதன் பின் நிகழ்ந்ததே நமது நோக்கில் முக்கியமானது. 1981 இல் மற்சன், றான்ஸ்போர்ட், ஜோன்சன் ஆகியோர் 1970களின் பழைய கிரகண அளவீடுகளை மீண்டும் கையிலெடுத்து, வெப்பமையங்கள் உண்டு என்னும் கருதுகோளுடன் வாசித்தனர். பொருந்தாதிருந்த எண்கள் பொருந்தின. அதுமட்டுமன்று, அயோவிலிருந்து வெளியேறும் மொத்த வெப்பத்தையே அவற்றிலிருந்து கணிக்கவும் முடிந்தது. இன்றைய மதிப்பீட்டின்படி அது ஒரு சதுரமீற்றருக்கு ஏறத்தாழ 2.5 வாற்று, புவியின் உட்புறத்திலிருந்து வெளிவருவதோ 0.1 வாற்றுக்கும் குறைவு. தரவு மாறவில்லை. பத்தாண்டுகளாக அச்சிற் கிடந்த அதே எண்களே, வேறொரு வினாவை எதிர்கொண்டபோது வேறொன்றைச் சொல்லின.

கோட்பாடு மட்டும் எல்லாவற்றையும் செய்துவிட்டது என்று கொள்ளுதலும் தவறு; அது கருத்துமுதல்வாதத்தின் இன்னொரு வாயில். கட்புலனாகாக் கதிரை அளக்கும் கருவிகளுக்கும் வரலாறு உண்டு. ஈயச் சல்பைட்டுக் கலங்கள் இரண்டாம் உலகப் போர்க்கால ஜேர்மனியில் இராணுவத் தேவைக்காக விருத்தி செய்யப்பட்டவை. போரின் பின் கைப்பர் போன்றோர் அவற்றை வானை நோக்கித் திருப்பினர். பின்வந்த இந்தியம் அந்திமனைட்டுக் கலங்களின் வளர்ச்சியில் வெப்பந்தேடும் ஏவுகணைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. 1610 இல் கலிலியோ இவ்வுபகோள்களைக் கண்டதும் மெடிசி குடும்பத்தின் பெயரைச் சூட்டிப் பதவி பெற்றார். இன்று பெயர் சூட்ட வேண்டியதில்லை, வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெற்றால் போதும்.

இடமும் அவ்வாறே. காற்றிலுள்ள நீராவி செங்கீழ்க் கதிரை உறிஞ்சிவிடுவதால், தொலைநோக்கி முகிலுக்கு மேலே உயர்ந்த வறண்ட மலையுச்சியில் நிற்றல் வேண்டும். ஹவாயிலுள்ள 4,205 மீற்றர் உயரமான மௌனா கியா, தானே ஓர் உறங்கும் எரிமலை. வொயேஜர் பயணத்துக்குத் துணையாக நாசா அமைத்த செங்கீழ்க் கதிர்த் தொலைநோக்கி 1979 இல் அங்கு இயங்கத் தொடங்கிற்று. அயோவின் எரிமலைகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்த கெக் தொலைநோக்கிகளும் அங்கேயே உள்ளன. அந்நிலம் 1893 இல் கவிழ்க்கப்பட்ட ஹவாய் முடியாட்சியின் நிலம். 1898 இல் அமெரிக்கா அத்தீவுகளைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 1968 இல் மலையுச்சி 65 ஆண்டுக் குத்தகையாக ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்பட்டது. முப்பது மீற்றர்த் தொலைநோக்கி ஒன்றை அங்கு நிறுவும் முயற்சியை 2015 இலும் 2019 இலும் சுதேச ஹவாய் மக்கள் பாதையில் அமர்ந்து தடுத்தனர். 2019 இல் முதியோர் பலர் கைதாயினர். 2022 இல் இயற்றப்பட்ட சட்டம், மலையின் நிருவாகத்துக்குச் சுதேச மக்களின் பிரதிநிதிகளும் இடம்பெறும் புதிய அதிகாரசபையை உருவாக்கிற்று. இப்போராட்டத்தை விஞ்ஞானத்துக்கும் மூடநம்பிக்கைக்கும் இடையிலான மோதலாகச் சித்திரித்த எழுத்துகளை நாம் வாசித்துள்ளோம். முற்போக்காளர் எனப்படுவோரும் அவ்வாறு எழுதினர் என்பது வருந்தத்தக்கது. மலை எவருடையது, எவரைக் கேட்டு எடுக்கப்பட்டது என்பது நிலவுடைமை பற்றிய வினா. வானியல் அதற்கு விடையாகாது.

கண்டறிவுகளின் நுட்பம் இதனால் குறைந்துவிடுவதில்லை. லோக்கி என்பது 200 கிலோமீற்றர் அகலமுள்ள குழம்பு ஏரி. 2015 மார்ச் 8 ஆம் திகதி யுரோப்பா அயோவுக்கு முன்னே நகர்ந்தபோது, அரிசோனாவிலுள்ள பெரும் இரட்டைக்கண் தொலைநோக்கியால் அந்நிகழ்வைப் பதிவு செய்தனர். பனியால் மூடிய யுரோப்பா அந்த அலைநீளத்தில் ஏறக்குறைய இருளாகவே தோன்றும். அவ்விருள்விளிம்பு ஏரியைப் படிப்படியாக மறைக்க, ஒவ்வொரு படியிலும் குறைந்த வெப்பத்தைக் கணக்கிட்டு முழு ஏரியின் வெப்பப் படத்தையே வரைந்தனர். குளிர்ந்து கனத்த மேலோடு அமிழ, புதிய குழம்பு மேலெழும் இரு அலைகள் ஏரியைச் சுற்றி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் வேகத்தில் நகர்ந்தமை அதனால் தெரியவந்தது.

ஆயினும் பீல் முதலியோரின் வெற்றியும் இறுதியானதாக அமையவில்லை. அவர்கள் கருதியது உள்ளே பெரும்பாலும் உருகிய, மேலே மெல்லிய ஓடுடைய ஓர் அயோவை. 2023 டிசெம்பர் 30 ஆம் திகதியும் 2024 பெப்ரவரி 3 ஆம் திகதியும் ஜூனோ விண்கலம் 1,500 கிலோமீற்றர் அளவுக்கு நெருங்கிச் சென்று ஈர்ப்பை அளந்தது. 2024 இன் இறுதியில் வெளியான முடிவுகளின்படி, ஓட்டின் கீழே ஆழங்குறைந்த இடத்தில் உபகோள் முழுவதும் பரந்த குழம்புக் கடல் இல்லை. எரிமலை உண்டு என்ற எதிர்வுகூறல் மெய்யாயிற்று; அதற்கு அடிப்படையாயிருந்த உட்தோற்றம் இப்போது திருத்தத்துக்கு உள்ளாகின்றது. அதே 2024 டிசெம்பர் 27 ஆம் திகதி, ஜூனோவிலுள்ள இத்தாலியச் செங்கீழ்க் கதிர்க் கருவி அயோவின் தென்பாதியில் ஏறத்தாழ ஒரு இலட்சம் சதுரகிலோமீற்றர் பரப்புள்ள, இலங்கையைப் போல் ஒன்றரை மடங்கான, வெப்பமையம் ஒன்றைப் பதிவு செய்தது. அதன் கதிர்வீச்சு 80 இலட்சம் கோடி வாற்றுக்கு மேற்பட்டது. கடல் இல்லையெனின் இவ்வளவு குழம்பு எங்கே தேங்கியிருந்தது, எவ்வழிகளால் ஒன்றோடொன்று தொடர்புற்று மேலே வந்தது என்பதே அயோ ஆய்வாளர் முன்னுள்ள இன்றைய வினா. அதற்கான எண்களுட் சில, 1970களின் கிரகண அளவீடுகளைப் போலவே, ஏற்கெனவே எங்கேனும் அச்சேறிக் கிடக்கவும் கூடும்.