சிப்போட 'மொழி' ஃப்ரீ... சிப்பும் ஃப்ரீயா?

உங்க போன்ல எந்த ஆப்பைத் தொட்டாலும், கடைசியில் அது புராசஸருக்குப் புரியும் கட்டளைகளாக மாறணும். ஸ்மார்ட்போன்களில் பெரும்பாலும் இந்தக் கட்டளை மொழி 'ஆர்ம்' நிறுவனத்துக்குச் சொந்தம். அதில் சிப் வடிவமைக்க லைசன்ஸுக்குக் காசு கட்டணும்.

2010-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த 'ரிஸ்க்-ஃபைவ்' அப்படியில்லை. யாரும் இலவசமாப் பயன்படுத்தலாம். சென்னை ஐஐடி-யின் 'சக்தி' புராசஸர் இதில் உருவானதுதான்.

ஆனா டிசைன் மட்டும் போதாது. 2018-ல் ஒரு சக்தி சிப் அமெரிக்காவில், இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் தயாரானது. சண்டிகர் அருகே மொஹாலியில் தயாரான இன்னொன்று 180 நானோமீட்டர். இந்த எண் குறையக் குறைய சிப் வேகமாகும், கரன்ட்டும் மிச்சமாகும்.

மொழிக்கு இனி யார்கிட்டயும் அனுமதி கேட்க வேண்டாம். அதிநவீன சிப்பாக அதைத் தயாரிக்க, இன்னும் வெளிநாட்டு ஆலைகளைத்தான் நம்பணும்.