தொப்பைக் கொழுப்பு ரத்தத்தில் அனுப்பும் சீட்டுகள்

"ஆள் ஒல்லிதான், இனிப்பும் அதிகம் சாப்பிடுவதில்லை. பிறகு எப்படிச் சர்க்கரை வந்தது?" கடம்பத்தூரில் நம் வீடுகளில் யாருக்காவது சர்க்கரை நோய் இருப்பது புதிதாகத் தெரியவரும்போது முதலில் எழும் கேள்வி இது. கை கால் மெலிந்திருக்கும், வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கும். "வயசானா தொப்பை வரத்தானே செய்யும்" என்று நாமும் விட்டுவிடுகிறோம். அந்தத் தொப்பை உள்ளே என்ன செய்கிறது என்று விஞ்ஞானிகள் கண்டறிந்து வருவதை இந்த இதழில் எளிமையாகச் சொல்ல விரும்புகிறோம்.

கொழுப்பு என்பது மிஞ்சிய உணவைச் சேர்த்து வைக்கும் மூட்டை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். உண்மையில் அது உடலின் மற்ற உறுப்புகளுக்கு ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்திகளைச் சுமந்து செல்பவற்றில் ஒன்று எக்ஸோசோம். செல்கள் வெளியே விடும் மிக நுண்ணிய பை அது. நம் தலைமுடியின் தடிமனில் பல நூறில் ஒரு பங்குதான் இருக்கும். ரத்தத்தில் மிதந்து சென்று வேறொரு உறுப்பின் செல்லுக்குள் நுழைந்துவிடும்.

அந்தப் பைக்குள் இருப்பவற்றில் முக்கியமானது மைக்ரோ ஆர்.என்.ஏ. நம் பகுதிக் கம்பெனிகளை வைத்தே சொல்லலாம். செல் ஒரு தொழிற்சாலை என்றால், எந்தப் பொருளைச் செய்ய வேண்டும் என்ற ஆர்டர் ஜீன்களிலிருந்து வருகிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது, "இந்த ஆர்டரைக் குறை" என்று சூப்பர்வைசர் கொடுக்கும் சின்னச் சீட்டு. ஒரு புழுவை ஆராய்ந்து 1993இல் இதைக் கண்டுபிடித்த விக்டர் அம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். 2017இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் எலிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. குண்டு எலிகளின் கொழுப்பில் தங்கியிருக்கும் நோய் எதிர்ப்பு செல்கள் விட்ட எக்ஸோசோம்களை எடுத்து, ஒல்லி எலிகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். ஒல்லி எலிகளின் எடை கூடவில்லை. ஆனால் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போய்விட்டது. பிறகு மாற்றிச் செய்தார்கள்: ஒல்லி எலியின் எக்ஸோசோம்களைக் குண்டு எலிக்குக் கொடுத்தபோது, அதன் இன்சுலின் மேலும் நன்றாக வேலை செய்தது! அதே ஆண்டு ஹார்வர்டு ஆய்வாளர்கள், ரத்தத்தில் எக்ஸோசோம்களோடு சுற்றும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் பெரும்பகுதி கொழுப்பிலிருந்தே வருகிறது என்று எலிகளில் காட்டினார்கள். எலிக்கு நடந்ததெல்லாம் மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் எடை ஒன்றை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது என்பதற்கு இது வலுவான காரணம்.

நமக்கு அருகிலேயே, சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்திலும் (டாக்டர் வி. மோகன் நிறுவியது) இந்தத் துறையில் வேலை நடந்திருக்கிறது. சர்க்கரை நோயாளிகளின் ரத்த செல்களில் மிர்-146ஏ என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. குறைந்திருப்பதையும், அது உள் அழற்சியோடு தொடர்புள்ளது என்பதையும் 2011இல் வெளியிட்டார்கள். 2015இல் பிரெஞ்சு விஞ்ஞானிகளோடு சேர்ந்து, சர்க்கரையின் முன்நிலையில் இருப்பவர்களின் ரத்தத்திலேயே சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் அளவு மாறியிருப்பதைக் கண்டார்கள். இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்ந்து, சர்க்கரையும் சீக்கிரம் வருகிறது என்பதால்தான் நம் மக்களைத் தனியாக ஆராய்ந்தார்கள். 2023இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். முன்நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடி.

இந்தச் சீட்டுகளைப் படித்துச் சர்க்கரை வருமா என்று முன்கூட்டியே சொல்லும் பரிசோதனை இன்னும் ஆய்வுக்கூட அளவில்தான் இருக்கிறது. "எக்ஸோசோம் சிகிச்சை, சர்க்கரை அடியோடு குணம்" என்று யாராவது விளம்பரம் செய்தால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். எந்த நோய்க்கும் எக்ஸோசோம் மருந்தை அங்கீகரிக்கவில்லை என்று அமெரிக்க மருந்துத் துறை 2019இலேயே எச்சரித்தது. நகையை அடகு வைத்துச் செய்கிற வைத்தியம் இல்லை இது.

இதற்கு வீட்டிலேயே தையல் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில், வயிற்றை உள்ளிழுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் ஒல்லியாக இருந்தாலும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இலவசம். நோய் இருப்பது உறுதியானவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். அத்தாவுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை இருந்தால், பிள்ளைகள் 30 வயது வரை காத்திருக்கத் தேவையில்லை.

வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய், 100 முதல் 125 வரை முன்நிலை. எதுவானாலும் மருத்துவர் மறுபடி பார்த்துத்தான் உறுதி செய்வார். முன்நிலையில் நடையும் உணவுக் கட்டுப்பாடும் நோயைத் தள்ளிப்போடும். பரிசோதனைக்கு முன் எட்டு மணி நேரமாவது எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. நைட் ஷிப்ட் முடித்து நேராகப் போகிறவர்கள், வழியில் டீ குடித்துவிட்டால் அதை மறைக்காமல் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள், இன்னொரு நாள் வரச் சொல்வார்கள்.