வயிற்றுக்குள் டெம்பரரி ஸ்டாஃப்!

தொண்டைவலி என்று டாக்டரிடம் போகிறீர்கள். ஆன்டிபயாடிக் எழுதுகிறார். கீழே இன்னொரு வரி கிறுக்குகிறார். மருந்துக் கடைக்காரரைக் கேட்டால், ‘‘அது வயித்துக்கு சார்... நல்ல பாக்டீரியா!’’ என்கிறார். காசு கொடுத்துக் கிருமி வாங்குவதா என்று முழிக்காதீர்கள். விஷயம் இருக்கிறது.

ஆன்டிபயாடிக்குக்கு ஆள் பார்த்து அடிக்கத் தெரியாது. லத்தி சார்ஜில் பஸ்ஸுக்கு நின்றவனும் அடி வாங்குகிற மாதிரி, குடலில் தன் பாட்டுக்கு வேலை பார்க்கும் பாக்டீரியாக்களையும் சேர்த்துச் சாத்திவிடும். தொண்டை சரியாகும், வயிறு கடாமுடா. மேனேஜர் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஓட வேண்டியதுதான்!

இந்தப் பேதியைத் தடுப்பதில்தான் ‘ப்ரோபயாடிக்’ மாத்திரைக்கு ஓரளவு நல்ல பெயர். இதில் ஒரு வகைக்கு சுவையான பூர்வீகம் உண்டு. 1920-களில் பிரெஞ்சுக்காரர் ஹென்றி பூலார், இந்தோசீனாவில் காலரா பரவியபோது மக்கள் லிச்சி, மங்குஸ்தான் பழத்தோலை வைத்துப் பேதியைச் சமாளிப்பதைக் கவனித்தார். அதிலிருந்து அவர் பிரித்தெடுத்த ஈஸ்ட்தான் சாக்கரோமைசிஸ் பூலார்டி. ஈஸ்ட், பாக்டீரியா இனமே இல்லை. அதனால் ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. லாக்டோபேசில்லஸ் வகை என்றால் அது பாக்டீரியா. ஆன்டிபயாடிக் விழுங்கி 2 மணி நேரமாவது கழித்துப் போடுங்கள். இல்லாவிட்டால் வாங்கின கிருமிக்கும் அதே கதிதான்.

சரி, தினமும் போட்டால் வயிறு ஜம்மென்று இருக்குமா? விளம்பரம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் இந்தக் கிருமிகள் பெரும்பாலும் குடலில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. மாத்திரையை நிறுத்தினால் கொஞ்ச நாளில் மூட்டை கட்டிவிடும். இரிட்டபிள் பவல் தொல்லைக்கு ஆராய்ச்சி தவிர வேறெதற்கும் இதைச் சிபாரிசு செய்ய முடியாது என்று அமெரிக்கன் காஸ்ட்ரோஎன்டராலஜிகல் அசோசியேஷன் 2020-ல் சொல்லிவிட்டது. 2018-ல் இஸ்ரேலின் வைஸ்மன் இன்ஸ்டிட்யூட் ஆய்வில் இன்னொரு வில்லங்கம்: ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு ப்ரோபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு, சொந்த பாக்டீரியாக்கள் திரும்புவது சும்மா இருந்தவர்களைவிடத் தாமதமானது. டெம்பரரி ஆசாமி நாற்காலியை விட மாட்டேன் என்கிறான்!

ஆக, டாக்டர் சொன்ன நாளுக்கு மட்டும் போதும். வாங்கும்போது அட்டையில் கிருமியின் முழுப்பெயர், எண்ணிக்கை, காலாவதித் தேதி பாருங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லியிருந்தால் பைக் டாங்க் கவரில் மாலை வரை வேக விடாதீர்கள். கீமோதெரபி எடுப்பவர், எதிர்ப்பு சக்தி குறைந்தவர் வீட்டில் இருந்தால் ‘‘இதைப் போடு, சரியாயிடும்’’ என்று நீட்டவே கூடாது. கிருமி ரத்தத்தில் கலந்த கேஸ்கள் உண்டு. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவு என்றால் இந்த மாத்திரையை வைத்து நாள் கடத்தாமல் உடனே டாக்டரிடம் போங்கள்.

‘எங்க வீட்டுத் தயிர் போதாதா?’ என்பீர்கள். தயிரிலும் உயிருள்ள பாக்டீரியா உண்டு. எந்த வகை, எத்தனை என்று கணக்கில்லை, அவ்வளவுதான். விலையும் குறைவு, தாராளமாகச் சாப்பிடலாம். ஒரே நிபந்தனை, மோர்க்குழம்பாகக் கொதிக்க வைத்துவிட்டால் பாக்டீரியா அவுட். ருசி மட்டும் மிச்சம்.