அகமதாபாத் ஐ.ஐ.எம்: லூயி கான் கட்டிய விடுதிகளை இடிக்க நினைப்பது ஏன்?

அகமதாபாத் ஐ.ஐ.எம். என்றாலே நினைவுக்கு வருவது பூச்சு இல்லாத செங்கல் சுவர்களும் பெரிய பெரிய வளைவுகளும்தான். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் 1960-களில் வடிவமைத்த வளாகம் இது. இங்குள்ள 18 விடுதிகளில் 14-ஐ இடிக்க 2020 டிசம்பரில் நிர்வாகம் முடிவெடுத்தது. பல நாடுகளில் இருந்து எதிர்ப்பு கிளம்ப, 2021 ஜனவரி 1-ம் தேதியே பின்வாங்கியது.

இவ்வளவு அழகான கட்டடத்தை ஏன் இடிக்கணும்? சிக்கலே அந்தச் செங்கல்தான். பூச்சு இல்லாததால் மழைநீர் நேரா உள்ளே இறங்குது. சுவருக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்து உப்பினால், சுற்றியுள்ள செங்கல் விரிசல் விடும். போதாக்குறைக்கு 2001 குஜராத் நிலநடுக்கம் வேறு. கூரையில் இருந்து காங்கிரீட் பெயர்ந்து விழுவதாக நிர்வாகமே சொன்னது. அதுக்குக் கீழேதான் மாணவர்கள் தூங்கணும்.

பழுது பார்த்தால் போதாதா? அதே வளாகத்தின் விக்ரம் சாராபாய் நூலகத்தைச் சீரமைத்தார்கள். 2019-ல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. எதிர்ப்பாளர்கள் காட்டும் உதாரணமும் இதுதான். ஆனால், அங்கேயே மறுபடி பாதிப்பு தெரிவதாகச் சொல்லி, 2022 நவம்பரில் நிர்வாகம் இடித்துக் கட்டும் திட்டத்துக்கே திரும்பியது. வெளித்தோற்றம் மாறாது, உள்ளே வசதிகள் மட்டும் மாறும் என்கிறது. கான் 1974-லேயே இறந்துவிட்டார். புதுச் செங்கலில் எழும் சுவரை அவருடைய கட்டடம்னு எப்படிச் சொல்வது என்று கேட்கிறார்கள், எதிர்க்கும் கட்டடக் கலைஞர்கள்.